பாதி அடுப்பு வீட்டிலேயே இருந்தது

மாசசூசெட்ஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு கூடவே ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பும் வந்தது. சமைப்பதற்கான அடுப்பு இல்லை, குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்குவதற்கானது. நாலு குட்டைக் கால்கள், முன்னால் இரண்டு கதவு, மேலே தட்டையான இரும்புத் தட்டு, அதன் பின்பக்கம் புகை வெளியேற 6 அங்குல வாய். எடை 180 கிலோவுக்குக் குறையாது.

ரெண்டு வருஷம் முன்னால் வீட்டுக்கு ஹீட் பம்ப் போட்டோம். அதே சமயம் புகைபோக்கியைச் சோதிக்க வந்தவர் உள்ளே சுடுமண் குழாய் விரிசல் விட்டிருக்கிறது, இனி இதில் தீ மூட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பு சும்மா நின்றது. பழைய இரும்புக்காரரிடம் போட மனசு வரவில்லை. "கொல்லையில வெச்சுக்கலாமேப்பா" என்றான் பையன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளியே வைத்தால் வீடு பற்றி எரியாது, அறைக்குள் புகை சேராது. அப்புறம் என்ன ஆபத்து?

இந்த "என்ன ஆபத்து" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், நான் வெளியே தூக்கி வைத்தது பாதி அடுப்பைத்தான். மீதிப் பாதி, அதாவது உயரமான புகைபோக்கி, மழைபடாத கூரை, அசையாத தரை எல்லாம் வீட்டிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதியைக் கொல்லையில் மறுபடி கட்டாமல் தீ மூட்டினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் பூர்வீகம்

இரும்படுப்பு என்றாலே இங்கே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரைச் சொல்வார்கள். தன் அடுப்பைப் பற்றி 1744-ல் அவர் ஒரு சிறு நூலே போட்டார். திறந்த கணப்பில் சூடு முழுக்கப் புகையோடு மேலே போய்விடுகிறது, அதைப் பிடித்து அறைக்குள் நிறுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகப் புகையை ஒரு இரும்புப் பெட்டியின் பின்னால் கீழ்நோக்கி இறக்கி, தரைக்கு அடியில் கொண்டுபோய், பிறகு புகைபோக்கியில் ஏற்றினார். காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் சூடான புகை மேலேதான் போக விரும்பும். புகைபோக்கி நன்றாகச் சூடேறாத நேரங்களில் புகை அறைக்கே திரும்பி வந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கீழ்வழியை எடுத்துவிட்ட பிறகே அந்த அடுப்பு பரவலானது. அவ்வளவு பெரிய மூளையே புகைபோக்கியிடம் தோற்றிருக்கிறது என்பது எனக்குப் பின்னால் பெரிய ஆறுதலாக இருந்தது.

என் அடுப்பு ஃபிராங்க்ளின் காலத்தது இல்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எண்ணெயில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த இந்தப் பகுதிக்காரர்கள் பலர் விறகுக்குத் திரும்பினார்கள். அந்த அலையில் வந்த அடுப்பு இது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகடுப்புப் புகைக்கு வரம்பு விதித்தது 1988-ல். அதற்கு முந்தைய அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்துகளைக் கக்கும் என்பது அந்த முகமையின் கணக்கு. 2020 முதல் புது அடுப்புக்கு வரம்பு மணிக்கு 2 கிராம். இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கதவுக் கயிறு

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, கராஜில் அடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். கதவின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் விரல் தடிமனில் ஒரு கயிறு பதித்திருப்பார்கள். கதவை மூடினால் காற்று கசியாமல் அடைப்பது அதுதான். என் அடுப்பில் அந்தக் கயிறு சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், மிச்சத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். வெளிச்சத்தில் தூசி பறந்தது நன்றாகவே தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து, புதுக் கயிறு எந்தத் தடிமனில் வாங்குவது என்று தேடும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. அந்தக் காலத்து அடுப்புகளில் கயிறு, அட்டை, சிமெண்டுப் பூச்சு எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்தான் நினைவுக்கு வரும். அது தீப்பிடிக்காத ஒரு கனிம நார். சும்மா இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அதனால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தலைகாட்டும். அதாவது, ஐம்பதை நெருங்கும் எனக்கு அது அவ்வளவு பெரிய கணக்கு இல்லை. டார்ச் பிடித்தவனுக்கு வயசு பதினொன்று.

அன்றைக்குச் செய்தது இதுதான். பையனை வெளியே அனுப்பினேன். வாக்குவம் கிளீனரைத் தொடவில்லை, ஏன்னா சாதாரண வாக்குவம் நுண்ணிழையை உறிஞ்சிப் பின்பக்கமாக ஊதிவிடும். தண்ணீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து எல்லா இடத்திலும் தெளித்தேன். கராஜைப் பூட்டினேன். உதிர்ந்த கயிற்றில் ஒரு துண்டை நனைத்து, இரட்டைப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. கிரைசோடைல். ஆஸ்பெஸ்டாஸில் அதிகம் பயன்பட்ட வகை. மிச்சத்தை அகற்றவும் கராஜைச் சுத்தம் பண்ணவும் உரிமம் உள்ள ஆளைத்தான் கூப்பிட்டேன். அடுப்பை இரும்புக்காரரிடம் போட்டிருந்தால் கையில் பணம் வந்திருக்கும். இப்போது கையிலிருந்து போனது.

குடும்ப டாக்டர் பையனைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் என்றால் ஆபத்து மிகக் குறைவு, இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, பெரியவன் ஆனதும் சிகரெட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரியான பதில்தான். ஆனாலும் அந்த டார்ச் வெளிச்சம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எனவே யாராவது பழைய அடுப்பை இலவசமாகத் தருகிறேன் என்றால், தூக்கி வரும் முன்னாலேயே இதைக் கேளுங்கள்: கயிறு எப்போது மாற்றியது? பதில் தெரியவில்லை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு, சோதித்த பிறகு கை வையுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் கயிறு கண்ணாடி இழை.

இரும்பின் குணம்

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கரி உள்ளே மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். அழுத்தினால் தாங்கும், இழுத்தாலோ அடித்தாலோ அந்தச் செதில்களின் ஓரத்தில் விரிசல் ஓடும். தோசைக்கல்லைக் கீழே போட்டு உடைத்தவர்களுக்கு இது தெரியும்.

சூட்டில் விரிவதும் முக்கியம். 60 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பலகை 400 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் இந்த அடுப்புகளில் பலகைகளை இறுக்கிப் பற்றவைக்காமல், பள்ளத்தில் உட்காரவைத்து இடுக்கில் அடுப்பு சிமெண்ட் பூசுகிறார்கள். பழைய சிமெண்ட் உதிர்ந்திருந்தால் புதிதாகப் பூச வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை முறுக்கி உடைக்காதீர்கள். போல்ட் உடைந்தால் பரவாயில்லை, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் காது உடைந்தால் ஒட்டவைப்பது பெரும் வேலை. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தால் பாதி பிரச்சினை தீரும்.

விரிசல் பார்க்க எளிய வழி உண்டு. இருட்டில் அடுப்புக்குள் பிரகாசமான விளக்கை வைத்துக் கதவைச் சாத்துங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்றும் கசியும். இடுக்கில் கசிந்தால் சிமெண்ட் போதும். பலகையின் நடுவே கோடாகக் கசிந்தால் அது விரிசல். தீப்பெட்டிப் பகுதியில் விரிசல் என்றால் அந்த அடுப்பில் பூச்செடி வைக்கலாம், தீ வைக்க வேண்டாம்.

கயிறு புதிதாகப் பதித்ததும் ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அடைப்பு போதவில்லை. வெளியேதானே இருக்கிறது, கசிந்தால் என்ன என்று தோன்றலாம். வீட்டுக்குள் அடுப்பின் மேல் காற்று அடிக்காது, கொல்லையில் அடிக்கும். கசியும் கதவுள்ள அடுப்புக்குக் காற்று ஊதுகிற பக்கமெல்லாம் ஊதாங்குழல்தான். காற்றுத் திறப்பை மூடினாலும் தீ அடங்காது.

குழாய்

ஆகஸ்டில் அடுப்பு தயார். நாலடிக் குழாய் ஒன்றை மேலே செருகினேன். பார்க்க அழகாக இருந்தது. மூட்டினேன். கதவைத் திறந்தபோதெல்லாம் புகை முகத்தில் அடித்தது. மூடினால் குழாய் வழியாகப் போய், எங்கள் ஆறடி வேலிக்குக் கீழேயே சுழன்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "ஏங்கண்ணு, ரைஸ்மில்லுல அத்தன ஒசரத்துக்குக் குழாய் எதுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சே? அழகுக்கா?"

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுப்பைக் காற்றை இழுக்கவைப்பது தீ இல்லை, குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றுத்தூண். வெளியே 10 டிகிரி என்றால் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.25 கிலோ. குழாய்க்குள் சராசரி 200 டிகிரி என்றால் சுமார் 0.75 கிலோ. வித்தியாசம் அரை கிலோ. அதைப் புவியீர்ப்பாலும் குழாயின் உயரத்தாலும் பெருக்கினால் கிடைப்பது இழுவை. உயரம் 6 மீட்டர் உள்ள வீட்டுப் புகைபோக்கியில் சுமார் 30 பாஸ்கல். என் நாலடிக் குழாயில், அதாவது 1.2 மீட்டரில், 6 பாஸ்கல்கூட இல்லை. இந்த மாதிரி அடுப்புக்கு 12 பாஸ்கல் அளவில் வேண்டும். அதுவும் குழாய் சூடேறிய பிறகு உள்ள கணக்கு இது. மூட்டும்போது குழாய்க்குள் 60 டிகிரிதான் என்றால் நாலடியில் சுமார் 2 பாஸ்கல்தான். லேசான எதிர்க்காற்று போதும், புகை திரும்பிவிடும்.

எட்டடியாக்கினேன். கணக்குப்படி 12 பாஸ்கல். குழாயின் உச்சியும் வேலியைத் தாண்டியது. மறுபடி மூட்டியபோது கதவைத் திறந்து வைத்திருந்தாலும் புகை உள்நோக்கியே போனது. அவ்வளவு வித்தியாசம்.

குழாய் வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, கால்வனைஸ்டு குழாய் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும், சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சல் நடுக்கத்தைக் கொடுக்கும். கறுப்பு எஃகுக் குழாய் வெளியே ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் செலவு அதிகம்தான், ஆனால் அதுதான் நிற்கும். இரண்டாவது, குழாயின் சுருங்கிய முனை கீழ்நோக்கி, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வழியும் தார் வெளியே ஒழுகாமல் அடுப்புக்கே திரும்பும். மூன்றாவது, ஒவ்வொரு மூட்டிலும் மூன்று ஸ்க்ரூ, உச்சியில் மழைத்தொப்பி, பொறி பறக்காமல் கம்பிவலை, சாயாமல் இருக்க மூன்று பக்கம் இழுத்துக் கட்டிய கம்பி.

தரை, தூரம், மழை

சோதனைச் சான்றிதழ் இல்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 36 அங்குலம், ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 18 அங்குலம் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்புத் தரமான என்எஃப்பிஏ 211. அது வீட்டுக்குள் வைக்கும் அடுப்புக்கான விதி. காற்றும் காய்ந்த சருகும் உள்ள கொல்லையில் இதைவிடக் கூடுதலாகவே விட்டேன். மரப்பலகை டெக் மேல் வைக்கவே வேண்டாம். தாழ்வாரக் கூரைக்குக் கீழேயோ, கதவு திறந்த கராஜிலோ வைத்தால் கார்பன் மோனாக்சைடு பழைய வேலையைக் காட்டும்.

இங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து தரை மேலெழும்பும். ஒரு கால் மட்டும் அரை அங்குலம் தூக்கினால் போதும், 180 கிலோவும் மூன்று காலில் நின்று பலகை முறுக்கும். அதனால் ஆறங்குலம் தோண்டி ஜல்லி நிரப்பி, மேலே கற்பாளம் பதித்து அடுப்பை வைத்தேன். அடுப்புக்குள் அடியில் ஒரு அங்குலம் மணல். தணல் நேராக இரும்புத் தரையில் படாது.

மழைதான் பெரிய எதிரி. சூடான வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் அந்த இடம் மட்டும் சட்டென்று சுருங்கும், சுற்றியுள்ள இரும்பு சுருங்காது, விரிசல் விழும். எனவே மழை வரும்போல் இருந்தால் மூட்டுவதில்லை. எரியும் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைப்பதும் இல்லை, காற்றை மூடிவிட்டுக் காத்திருப்பேன். இன்னொன்று சாம்பல். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தன் உப்புகளோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். ஆறியதும் அள்ளி மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். வெளியில் ஆறியதுபோல இருக்கும் சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பைக்கோ பிளாஸ்டிக் தொட்டிக்கோ போகக் கூடாது.

விறகு

பச்சை மரத்தில் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர். அது ஆவியாகும்வரை தீ சூடேறாது. புகை என்பது எரியாமல் தப்பித்துப்போன விறகுதான். அது முழுக்க எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சூடு எட்டும். ஓக் மரம் பிளந்து அடுக்கி இரண்டு வருஷம் காய வேண்டும், மேப்பிளுக்கு ஒரு வருஷம் போதும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விறகைப் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பொய் சொல்லும்.

மூட்டுவதிலும் ஒரு முறை உண்டு. பெரிய விறகு அடியில், சிறியது நடுவில், சுள்ளி உச்சியில். தீயை மேலிருந்து வையுங்கள். கீழிருக்கும் விறகு சூடேறி விடும் புகை, மேலே எரியும் தீக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். பாட்டி வீட்டு விறகடுப்பில் இதற்கு நேர்மாறாகத்தான் பார்த்திருந்தேன், அதனால் நம்பவே இல்லை. செய்து பார்த்தபோது புகை பாதிக்கு மேல் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது.

எங்கள் கொல்லை மூலையில் பழைய டெக் பலகை ஒரு குவியல் கிடந்தது. அடுப்புக்கென்றே வைத்ததுபோல நல்ல காய்ந்த மரம். நல்லவேளை, முதலில் விசாரித்தேன். அமெரிக்காவில் 2003 இறுதிவரை வீட்டு வெளிவேலைக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் சேர்ந்த மருந்து ஏற்றியிருந்தார்கள். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக். அந்தக் குவியல் குப்பைக் கிடங்குக்குப் போனது. பெயிண்ட் அடித்தது, ப்ளைவுட் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

செய்தது சரியா?

மாசசூசெட்ஸில் மரக்கிளைகளை எரிக்க ஜனவரி 15 முதல் மே 1 வரைதான் அனுமதி. அதுவும் காலை 10 முதல் மாலை 4 வரை, வீடுகளிலிருந்து 75 அடி தள்ளி. சமையல் தீ இதில் சேராது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியே "சமைப்பீர்களா?" என்பதுதான். ஆக, தோசை எங்கள் வீட்டில் சட்டத் தேவையும் ஆனது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். மணிக்கு 15 முதல் 30 கிராம். எட்டடிக் குழாயும் காய்ந்த விறகும் மேலிருந்து மூட்டுவதும் அதைக் குறைக்கும். ஆனால் இதைப் புது அடுப்பாக மாற்றாது. பழைய அடுப்பைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க மானியம் தரும் திட்டங்கள் பழையதை உடைத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் இதனால்தான். தினமும் மூட்டுவதாக இருந்தால் நானும் உடைக்கத்தான் கொடுத்திருப்பேன். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சாயங்காலம், காற்று எங்கள் பக்கம் திரும்பியிருக்கும்போது மட்டும் என்று வரம்பு போட்டுக்கொண்டேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று அவர் சொன்ன இரண்டு நாள்களில் மூட்டவில்லை.

பையனுக்கு மூட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூட்டியதும் அவன் செய்யும் முதல் வேலை, பத்தடி பின்னால் போய்க் குழாயின் உச்சியைப் பார்ப்பது. அங்கே வெறும் அனல் மட்டும் நெளிந்தால் எல்லாம் சரி. புகை தெரிந்தால் விறகிலோ காற்றிலோ ஏதோ தப்பு. போன மாசம் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, "புகை இல்லப்பா, கல்லை வைக்கலாம்" என்றான். கொஞ்சம் நின்று, "அந்தத் தூசிக்கு இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும், இல்ல?" என்று கேட்டான். டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மாவுப் பாத்திரத்தை எடுத்து வந்தான்.